ஐம்பத்தேழு சென்ட் ஸ்விட்ச்: ஜெனரல் மோட்டார்ஸும் வண்டி வாங்கியவர்களின் புகார்களும்

#1 செந்தூரன்

எல்லோருக்கும் வணக்கம். அக்கா மகன் மிச்சிகனில் மேற்படிப்புக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. பேருந்துக்காகப் பனியில் நின்று நின்று அலுத்துவிட்டான். அவன் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா, தன் கணவர் ஓட்டிய, ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த 2007 செவ்ரோலே கோபால்ட்டை மலிவாகத் தருகிறேன் என்கிறாராம். கணவர் தவறிய பிறகு வண்டி பெரும்பாலும் கராஜிலேயே நின்றிருக்கிறது. ஓடியது 68,000 மைல்தான். பையனுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் கோபால்ட் என்ற பெயரைக் கேட்டதும் திக்கென்றது. 2014-இல் செய்தி பார்த்தவர்களுக்கு அந்த இக்னிஷன் ஸ்விட்ச் விவகாரம் நினைவிருக்கும்.

எனக்கு இரண்டு கேள்வி. இந்த வண்டியை வாங்கலாமா? அப்புறம், ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) மாதிரி ஒரு நிறுவனத்தில் இது எப்படி நடந்தது? 1931-இல் தொடங்கி 77 ஆண்டுகள் உலகத்திலேயே அதிகம் கார் விற்றவர்கள் அவர்கள். சாவி போடும் ஸ்விட்ச்சில் போய்க் கோட்டை விடுவார்களா? இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தால்தான் முதல் கேள்விக்கு என் மனசு ஒப்பும்.

#2 தாமரை

செந்தூரன், முதலில் அவசர வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர் பக்கம் கண்ணாடியின் கீழ் ஓரத்தில், வெளியில் நின்று பார்த்தாலே தெரியும்படி 17 எழுத்தும் எண்ணும் கொண்ட வண்டி எண் இருக்கும். அதை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அந்த வண்டிக்கு எந்த ரீகால், அதாவது கோளாறைச் சரிசெய்ய நிறுவனம் வண்டியைத் திரும்ப அழைக்கும் வேலை, செய்யாமல் பாக்கி நிற்கிறது என்று காட்டும். ரீகால் வேலைக்குக் காசு கிடையாது. அதைப் பார்க்கும்வரை தம்பி அந்த வண்டியை எடுக்க வேண்டாம்.

இனி ஸ்விட்ச். நான் இருபது வருடமாக உதிரிபாகத் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

சாவியைத் திருப்பும்போது ஒவ்வொரு நிலையிலும் 'டக்'கென்று பிடித்து நிற்கிறது அல்லவா? உள்ளே ஒரு சின்னக் குச்சி, அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் குச்சியைத் தள்ள, குச்சி பள்ளத்தில் போய் உட்காரும். அவ்வளவுதான் விஷயம். அந்தப் பிடிப்புக்கு ஜி.எம். எழுதி வைத்த அளவு 20 நியூட்டன் சென்டிமீட்டர். ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம். ஆக, 15-க்குக் கீழே போகவே கூடாது. வந்த ஸ்விட்ச்சுகளில் இருந்ததோ 4 முதல் 10 வரைதான். அளவுக்குக் குறைவு என்று தெரிந்தே 2002-இல் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள்.

இதனால் என்ன ஆகும்? வளையத்தில் வீட்டுச்சாவி, அலுவலகச் சாவி எல்லாம் கனமாகத் தொங்குகிறது. சாலையில் ஒரு பள்ளம் வருகிறது, அல்லது முழங்கால் போய்ச் சாவியில் இடிக்கிறது. சாவி ஒரு நிலை பின்னால் நழுவிவிடும். எஞ்சின் அணைந்துவிடும். பவர் ஸ்டீயரிங் போய்விடும், பிரேக்குக்கு உதவும் விசையும் போய்விடும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஏர்பேக்குக்கும் மின்சாரம் நின்றுவிடும். தறிகெட்டுப் போகும் வண்டி மரத்தில் மோதுகிற அந்த நொடியில், காப்பாற்ற வேண்டிய பை விரியாது.

வண்டி வாங்கியவர்கள் இதைச் சொல்லாமல் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடுகிறது என்று புகார் வந்துகொண்டே இருந்தது. 2005-இல் செய்தித்தாளில் கார் விமர்சனம் எழுதுகிறவர்களே முழங்கால் பட்டு எஞ்சின் நின்றதை எழுதினார்கள். நிறுவனத்துக்குள் அந்தப் புகாரை எந்தக் கோப்பில் போட்டார்கள் தெரியுமா? 'வாடிக்கையாளர் வசதி' என்ற தலைப்பில். பாதுகாப்பு என்ற தலைப்பில் போட்டிருந்தால் வேறு ஆட்கள் பார்த்திருப்பார்கள், வேறு அவசரம் இருந்திருக்கும். 2005 டிசம்பரில் டீலர்களுக்கு ஒரு குறிப்பு போனது. சாவி வளையத்தில் இருக்கும் கனத்தைக் குறைக்கச் சொல்லுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

2006-இல் ஸ்விட்ச்சைத் திருத்தினார்கள். குச்சியையும் ஸ்பிரிங்கையும் நீளமாக்கினார்கள். ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பிழை இருக்க முடியாது. பழையதும் புதியதும் ஒரே எண்ணில் இருந்தால், பின்னால் வருகிறவன் எதை வைத்துக் கண்டுபிடிப்பான்? புதிய வண்டிகளில் விபத்து குறைகிறதே, ஏன் என்று ஜி.எம். பொறியாளர்களே வருடக்கணக்கில் குழம்பினார்கள். கடைசியில், ஜார்ஜியாவில் மகளைப் பறிகொடுத்த ஒரு குடும்பம் போட்ட வழக்கில், அவர்களுடைய நிபுணர் பழைய ஸ்விட்ச்சையும் கடையில் வாங்கிய புது ஸ்விட்ச்சையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குச்சியின் நீளம் வேறு. எல்லாம் அங்கேதான் வெளியே வந்தது.

ரீகால் வந்தது 2014 பிப்ரவரியில். கடைசியில் கணக்கு 26 லட்சம் வண்டி. கென்னத் ஃபைன்பெர்க் என்ற வழக்கறிஞர் ஜி.எம்.முக்காக நடத்திய இழப்பீட்டு நிதி ஒப்புக்கொண்ட சாவு 124. நாடாளுமன்ற விசாரணையில் அந்தப் பாகத்தின் விலை என்று சொன்னது 57 சென்ட்.

#3 ஸ்காபரோ கராஜ்

தாமரை அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் கனடாவில் ஸ்காபரோவில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். அந்தக் காலக் கோபால்ட் என்றால் ஸ்விட்ச் மட்டும் இல்லை. மின்மோட்டாரில் வேலை செய்யும் பவர் ஸ்டீயரிங்குக்கும் 2010 மார்ச்சில் தனியாக ஒரு ரீகால் வந்தது, 13 லட்சம் வண்டிக்கு. எண்ணைப் போட்டுப் பார்க்கும்போது அதையும் கவனியுங்கோ.

ஜி.எம். எஞ்சின்களில் நான் கூடுதலாகக் கை வைத்தது 3.1 லிட்டர், 3.4 லிட்டர் வி-6. தொண்ணூறுகளின் கடைசியிலும் அதற்குப் பிறகும் வந்த சாதாரணக் குடும்பக் கார்களில் எல்லாம் அதுதான். அதில் சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் நைலான் சட்டத்தில் செய்தது. அது சூட்டிலே இளகி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை உள்ளே விட்டுவிடும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பார்த்தால் அடிப்பக்கம் பால்தேத்தண்ணி நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருக்கும். அதைக் கண்டவுடனே தெரிந்துவிடும், கூலன்ட் ஆயிலோடு கலந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும், பிறகு எஞ்சினே இல்லை.

அந்த நேரம் ஜி.எம். ஊற்றிக் கொடுத்தது டெக்ஸ்-கூல் என்ற ஆரஞ்சு நிறக் கூலன்ட். ஐந்து வருடம் அல்லது 1,50,000 மைல் மாற்றவே தேவையில்லை என்று விளம்பரம். சனம் அதை நம்பி மூடியைத் திறந்தே பார்க்கவில்லை. அளவு குறைந்து காற்று புகுந்தால் உள்ளே சேறு மாதிரி ஆகிவிடும். உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, 2008-இல் சமரசத்தில் கொஞ்சம் காசு கிடைத்தது. அதற்குள் எத்தனையோ பேர் சொந்தக் காசில் எஞ்சினைப் பிரித்து முடித்துவிட்டார்கள்.

#4 பழையவண்டிப் பித்தன்

நல்ல இழை. ஆனால் ஜி.எம்.மை வெறும் புகார் மூட்டையாக மட்டும் பார்த்தால் கதை பாதிதான். உயரத்தில் இருந்தவர்கள் விழுந்தார்கள் என்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது.

1908 செப்டம்பர் 16-இல் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரத்தில் வில்லியம் டியூரன்ட் தொடங்கிய நிறுவனம். அவர் குதிரை வண்டி செய்து பெரிய ஆளானவர். பியூக்கை வைத்துக்கொண்டு ஓல்ட்ஸ்மொபில், காடிலாக், ஓக்லண்டு என்று வாங்கிக் குவித்தார். கடன் கழுத்தை நெரிக்க, 1910-இல் வங்கிக்காரர்கள் அவரை ஒதுக்கினார்கள். மனுஷன் அசரவில்லை. லூயி செவ்ரோலே என்ற பந்தய ஓட்டுநரைச் சேர்த்துக்கொண்டு 1911-இல் செவ்ரோலேயைத் தொடங்கினார். அந்தப் பலத்தில் 1916-இல் ஜி.எம்.மையே திரும்பப் பிடித்தார். 1920-இல் மறுபடி பறிகொடுத்தார். பிறகு வந்த ஆல்ஃபிரட் ஸ்லோன்தான் அதை நிறுவனமாக்கியவர். ஒவ்வொரு பணப்பைக்கும் ஒவ்வொரு தேவைக்கும் ஒரு கார் என்பது அவருடைய கொள்கை. செவ்ரோலேயில் தொடங்குகிறவன் சம்பளம் ஏற ஏற பான்டியாக், ஓல்ட்ஸ்மொபில், பியூக் என்று ஏறி, காடிலாக்கில் போய் நிற்க வேண்டும்.

தொழில்நுட்பத்திலும் சாதாரணமானவர்கள் இல்லை. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பி மணிக்கட்டை முறித்துக்கொண்ட காலத்துக்கு, 1912 காடிலாக்கில் வந்த மின் ஸ்டார்ட்டர் முற்றுப்புள்ளி வைத்தது. சார்லஸ் கெட்டரிங்கின் வேலை அது. 1940 ஓல்ட்ஸ்மொபிலில் ஹைட்ராமாட்டிக், தானாக மாறும் கியர்பாக்ஸ். 1955 செவ்ரோலேயின் சிறிய வி-8 எஞ்சினின் வாரிசுகள் இன்றும் ஓடுகின்றன. அதே 1955-இல் ஒரே ஆண்டில் நூறு கோடி டாலருக்கு மேல் லாபம் பார்த்த முதல் அமெரிக்க நிறுவனம் இதுதான். அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறைய பாதி ஜி.எம். கார்.

அந்த இடத்தில் இருந்துகொண்டு செவ்ரோலே கார்வேர் விவகாரத்தில் என்ன செய்தார்கள் பாருங்கள். பின்பக்கம் எஞ்சின் வைத்த 1960 கார் அது. திருப்பத்தில் பின்சக்கரம் உள்ளே மடங்குகிறது, வண்டி கவிழ்கிறது என்று வழக்குகள். முன் டயரில் 15, பின் டயரில் 26 என்று வெவ்வேறு காற்றழுத்தம் வைத்தால்தான் ஒழுங்காக நிற்கும். இதை எத்தனை பேர் பெட்ரோல் பங்கில் சொல்லிக் காற்றடிப்பார்கள்? நுகர்வோருக்காகப் போராடிய வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே கார்வேர்தான். பதில் சொல்வதை விட்டுவிட்டு ஜி.எம். அவர் பின்னால் தனியார் துப்பறிவாளர்களை அனுப்பியது. 1966 மார்ச்சில் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழு முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1972-இல் அரசு செய்த ஆய்வு, கார்வேர் அந்தக் காலத்து மற்ற வண்டிகளைவிட மோசமில்லை என்றது. காருக்கு விடுதலை கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். புகார் சொன்ன ஆளை வேவு பார்த்த நிறுவனத்துக்கு அதில் விடுதலை இல்லை.

#5 கணக்குப்பிள்ளை

எல்லோரும் நிர்வாகத்தையே குறை சொல்கிறீர்கள். தொழிற்சங்கத்தை ஏன் யாரும் தொடவில்லை? 1936 டிசம்பரில் ஃபிளின்ட் ஆலைக்குள் உட்கார்ந்து போராட்டம் நடத்தி அங்கீகாரம் வாங்கினார்கள். அது நியாயம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எழுபதுகளில் என்ன நடந்தது? ஓஹாயோவின் லார்ட்ஸ்டவுன் ஆலையில் 1972-இல் மூன்று வாரம் வேலைநிறுத்தம். வேலைக்கு வராமல் இருப்பது, போல்ட்டை முழுக்க முறுக்காமல் விடுவது என்று எத்தனை செய்தி. அப்படிச் செய்த வண்டி எப்படி நம்பகமாக இருக்கும்? 2009 ஜூன் 1-இல் திவால் மனு போடும் அளவுக்குப் போனதற்கு ஓய்வூதியச் சுமையும் காரணம் இல்லையா? அரசு சுமார் 5,000 கோடி டாலர் கொட்டிக் காப்பாற்றியது. அதில் ஆயிரம் கோடிக்கு மேல் திரும்பி வரவே இல்லை. வரி கட்டுகிறவர்கள் பணம் அது.

#6 பழையவண்டிப் பித்தன்

கணக்குப்பிள்ளை சார், லார்ட்ஸ்டவுனில் செய்த வண்டியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். செவ்ரோலே வேகா. 1970 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. ஜப்பான், ஜெர்மனி சின்னக் கார்களுக்குப் பதிலடி என்று இறக்கினார்கள். மோட்டார் பத்திரிகை ஒன்று ஆண்டின் சிறந்த கார் என்று விருதே கொடுத்தது.

அதன் எஞ்சின் பிளாக் அலுமினியம். சிலிண்டருக்குள் இரும்பு லைனர் கிடையாது. அலுமினியத்தில் 17 சதவீதம் சிலிக்கன் கலந்து, அதன் கடினத்தை நம்பி பிஸ்டனை நேராக ஓடவிட்டார்கள். மேலே சிலிண்டர்களை மூடி உட்கார்ந்ததோ வார்ப்பிரும்பு ஹெட். சூடானால் இரண்டும் விரிகிற அளவு வேறு வேறு. கூலன்ட் கொள்ளளவும் குறைவு. ஒரு தடவை நன்றாகக் கொதித்துவிட்டால் சிலிண்டர் கோணிக்கொள்ளும். அப்புறம் ஆயில் குடிக்கத் தொடங்கி நீலப் புகை தள்ளும். ஹெட் கேஸ்கெட்டும் சேர்ந்து போகும். இதில் எந்தத் தொழிலாளி எந்தப் போல்ட்டை முறுக்காமல் விட்டான்? வரைபடத்திலேயே இருந்த கோளாறு இது.

துருவும் அப்படித்தான். துருத் தடுப்புக் கலவைத் தொட்டியில் உடலை முக்கி எடுக்கும்போது முன் மட்கார்டின் மேல்மூலையில் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் மட்டும் கலவை ஒட்டாது. பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவுகிற ஊர்களில் ஓரிரு வருடத்தில் மட்கார்டு ஓட்டை விழுந்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் தடுப்பு வைத்திருந்தால் போதும். பிறகு வைத்தார்கள். அதற்குள் ஆயிரக்கணக்கான மட்கார்டை இலவசமாக மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இதில் மனசு ஆறாத விஷயம், அதே வேகாவில் அபாரமான புத்திசாலித்தனமும் இருந்தது. ரயிலில் ஏற்றும் செலவைக் குறைக்க, காரை மூக்கு கீழாகச் செங்குத்தாக நிறுத்தி ஒரு பெட்டியில் 30 கார் ஏற்றினார்கள். அப்படித் தலைகீழாகப் போனாலும் ஆயில் முதல் சிலிண்டருக்குள் இறங்கக் கூடாது என்று எஞ்சினுக்குள் தடுப்பு வைத்தார்கள். பேட்டரி மூடியைப் பின் ஓரத்தில் உயர்த்தி வைத்தார்கள். கண்ணாடி கழுவும் தண்ணீர்க் குப்பியைக்கூடச் சாய்த்துப் பொருத்தினார்கள். ஆலையிலிருந்து கடைக்குப் போகிற சில நாளுக்கு இவ்வளவு யோசித்தவர்கள், கடையிலிருந்து போன பிறகு பத்து வருடம் ஓட வேண்டுமே என்பதற்கு அதில் பாதி யோசித்திருக்கக் கூடாதா?

லார்ட்ஸ்டவுனில் மணிக்கு 100 கார் என்று வேகம் வைத்தார்கள். ஒரு காருக்கு 36 வினாடி. ஒரு கதவு சரியாக உட்காரவில்லை என்றால் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த கார் வந்து நிற்கும்.

#7 தாமரை

தொழிலாளர் விஷயத்துக்கு இன்னும் நேரான சாட்சி ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் ஆலை. ஜி.எம்.மிலேயே மோசமான ஆலை என்று பெயர் எடுத்தது. குடித்துவிட்டு வேலைக்கு வருவார்கள், ஆள் வராமல் சில நாள் கார் பூட்டும் லைனே ஓடாது. 1982-இல் இழுத்து மூடினார்கள். 1984-இல் டொயோட்டாவும் ஜி.எம்.மும் கூட்டாகத் திறந்தன. பெயர் நும்மி. நிர்வாகம் டொயோட்டாவுடையது. வேலைக்கு எடுத்ததோ பெரும்பாலும் அதே பழைய ஆட்களை, அதே தொழிற்சங்கத்தோடு. சிலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள்.

அங்கே தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கும். தன் வேலையில் கோளாறு கண்டவன் அதை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடி வருவார். அவர் கேட்கும் முதல் கேள்வி 'என்ன உதவி வேண்டும்?' நேரத்துக்குள் தீரவில்லை என்றால் லைன் நிற்கும். பழைய ஆலையில் லைனை நிறுத்தினவனுக்கு வேலை போயிருக்கும். சீக்கிரமே அங்கிருந்து வந்த கார்களின் தரம் ஜப்பானில் செய்ததற்கு இணையாக வந்தது. அதே ஆட்கள்தான் சார்.

ஜி.எம். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது, ஆனால் ரொம்ப மெதுவாக. கயிற்றை மற்ற ஆலைகளிலும் தொங்கவிட்டார்கள். இழுத்தவனைத் திட்டுகிற மேலாளர் மாறாமல் கயிறு மட்டும் என்ன செய்யும்?

#8 கணக்குப்பிள்ளை

நும்மி பற்றி இவ்வளவு விவரம் எனக்குத் தெரியாது. தொழிலாளிதான் காரணம் என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஓய்வூதியச் செலவு பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் அது வண்டியின் தரத்துக்கு நேரான காரணம் இல்லை என்பதை ஏற்கிறேன்.

#9 டவேரா மகன்

நம் ஊர்க் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பா பதினைந்து வருடம் செவ்ரோலே டவேரா டாக்ஸி ஓட்டினார். திருப்பதி, சபரிமலை, கொடைக்கானல் என்று ஓடாத இடமில்லை. எங்கள் படிப்புச் செலவு அந்த வண்டியில்தான் வந்தது. எஞ்சினைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. 2013-இல் 1,14,000 டவேராவைத் திரும்ப அழைத்தார்கள். புகை அளவுச் சோதனைக்கு விசேஷமாகத் தேர்ந்தெடுத்த எஞ்சின்களை அனுப்பித் தேர்வு வாங்கியிருக்கிறார்கள் என்று வெளியானது. அப்பா ரொம்ப நாள் பேப்பரை மடிக்காமல் வைத்திருந்தார். வண்டி நல்ல வண்டி, அதை வைத்து ஏன் பொய் சொன்னார்கள் என்று அவருக்குப் புரியவே இல்லை. 2017-இல் இந்தியாவில் விற்பனையையே நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

#10 பழையவண்டிப் பித்தன்

ஓல்ட்ஸ்மொபில் டீசலைச் சொல்லாமல் இந்த இழை முடியக் கூடாது. இன்று அமெரிக்காவில் வண்டி வாங்குகிற எல்லோருக்கும் அதனால் ஒரு பாதுகாப்பு கிடைத்திருக்கிறது.

எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியது. 1978 மாடலில் 5.7 லிட்டர் டீசல் வி-8 இறக்கினார்கள். பெட்ரோல் எஞ்சின் செய்யும் அதே எந்திரங்களில் செய்ய வேண்டும் என்பதால் பிளாக்கைப் பலமாக்கினாலும், ஹெட்டை இறுக்கும் போல்ட் மட்டும் அதே பத்து, அதே இடத்தில். பெட்ரோலில் எட்டுக்கு ஒன்று என்று இருந்த அழுத்த விகிதம், டீசலில் இருபத்திரண்டரைக்கு ஒன்று. போல்ட் நீண்டுகொடுத்தது, கேஸ்கெட் போனது, கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கியது. தண்ணீரை அமுக்க முடியாது, எஞ்சின் பிளந்தது.

இன்னொன்று. அந்தக் காலத்து டீசலில் தண்ணீர் கலந்து வருவது சாதாரணம். அதைப் பிரித்தெடுக்கும் வடிகட்டியை வைக்கவில்லை. பம்ப் உள்ளே துருப்பிடித்தது. விவரம் தெரியாத உரிமையாளர்கள், பெட்ரோல் காருக்குச் செய்வது மாதிரி டேங்கில் ஆல்கஹால் மருந்து ஊற்றினார்கள். அது பம்பின் ரப்பர் சீல்களைத் தின்றது. டீலரிடம் போனால் அங்கே இருந்த மெக்கானிக்குக்கும் டீசல் தெரியாது. பழைய போல்ட்டையே திரும்பப் போட்டு மூடினார்கள். மறுபடி போனது.

மாதத் தவணை கட்டிக்கொண்டே ஓடாத வண்டியை வாசலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களின் கோபம் சும்மா போகவில்லை. உருப்படாத வண்டியை அமெரிக்காவில் 'எலுமிச்சை' என்பார்கள். 1982-இல் கனெக்டிகட் மாநிலம் முதல் எலுமிச்சைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. புது வண்டியைச் சில தடவை பழுது பார்த்தும் சரியாகவில்லை என்றால், மாற்று வண்டியோ பணமோ கொடுத்தாக வேண்டும். இன்று எல்லா மாநிலத்திலும் இருக்கிறது. 1983-இல் மத்திய வர்த்தக ஆணையத்தோடு செய்த உடன்பாட்டில், டீசல் பம்ப், கேம்ஷாஃப்ட், கியர்பாக்ஸ் புகார்களை நடுவர் முன் தீர்க்க ஜி.எம். ஒப்புக்கொண்டது.

#11 ஸ்காபரோ கராஜ்

சரி, நல்லதும் சொல்ல வேண்டும். அதே ஜி.எம். செய்த பியூக் 3800 வி-6 இன்றைக்கும் என் கராஜுக்கு வருகிறது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டி. மேலே ஒரு பிளாஸ்டிக் மேனிஃபோல்டு, கூலன்ட் போகும் முழங்கை, அவை போகும். மாற்றிவிட்டால் திரும்பவும் ஓடும். ஒரே நிறுவனத்தின் 3400-ஐ, முன்பு சொன்ன 3.4 லிட்டர் எஞ்சினை, மேசையில் ஒரு பக்கமும் 3800-ஐ மறுபக்கமும் வைத்துப் பிரித்தவன் நான். செய்யத் தெரியாதவர்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செய்யத் தெரிந்தவர்கள் அதே கட்டடத்தில்தானே இருந்தார்கள்.

#12 தாமரை

கராஜ் தம்பி, நீங்கள் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. செந்தூரனின் இரண்டாவது கேள்விக்கு விடையும் அதில்தான் இருக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடம், பெயர் வேண்டாம், ஜி.எம்.மோடு சம்பந்தமில்லாதது. ஒரு பிளாஸ்டிக் கிளிப் குளிரில் உடைகிறது என்று கண்டேன். கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அறிக்கை எழுதியபோது 'உடைகிறது' என்று நான் எழுதியதை மேலாளர் அடித்துவிட்டு 'எதிர்பார்த்த செயல்திறனில் மாறுபாடு' என்று திருத்தினார். அந்தக் காகிதம் ஆறு மாதம் மேசை மேசையாகப் போனது. படித்தவர்களில் ஒருவருக்குக்கூட ஒரு பொருள் உடைகிறது என்று புரிந்திருக்காது. யாருக்கும் காயமில்லாமல் முடிந்தது என் அதிர்ஷ்டம்.

2014-இல் ஜி.எம். பற்றிய ஆவணங்கள் வெளிவந்தபோது அதே வாசனை. 2008-இல் ஊழியர்களுக்குக் காட்டிய பயிற்சிப் படத்தில், எழுதக் கூடாத 69 சொற்கள். 'கோளாறு' என்று எழுதாதே, 'வடிவமைத்தபடி இயங்கவில்லை' என்று எழுது. 'பிரச்சினை' வேண்டாம், 'நிலைமை' என்று எழுது. ஸ்விட்ச் விவகாரத்தை விசாரித்து வழக்கறிஞர் ஆன்டன் வலூகாஸ் ஜி.எம்.முக்காகத் தயாரித்த அறிக்கையில் இன்னொன்று வருகிறது. கூட்டத்தில் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போவார்கள், எவரும் எதுவும் செய்ய மாட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஜி.எம். தலையாட்டல்'. கைகளை மார்பில் குறுக்கே கட்டி, விரலைப் பக்கத்தில் இருப்பவரை நோக்கி நீட்டினால் அது 'ஜி.எம். சல்யூட்'.

ஸ்விட்ச்சைச் செய்யத் தெரியாமல் இல்லை, செந்தூரன். வண்டிக்காரர் 'நடுச்சாலையில் நின்றுவிட்டது, பயந்துவிட்டேன்' என்று சொன்னது, மேலே போகப் போகச் சூடு குறைந்து, கடைசியில் 'வசதிக் குறை' ஆகிவிட்டது. வேகாவிலும் டீசலிலும் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். கோளாறு எந்த நிறுவனத்திலும் வரும். வாங்கினவன் வாயிலிருந்து வந்த சொல்லை அப்படியே மேலே கொண்டுபோக ஒரு வழி இல்லை என்றால், 57 சென்ட்டில் தீர வேண்டியது 124 உயிரில் போய் நிற்கும்.

#13 டவேரா மகன்

இப்போது திருந்தியிருக்கிறார்களா அக்கா?

#14 தாமரை

கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது. 2014-இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 கோடி வண்டியைத் திரும்ப அழைத்தார்கள். தேடத் தொடங்கினால் எவ்வளவு கிடக்கிறது பாருங்கள். 2015-இல் 90 கோடி டாலர் கட்டி அரசின் குற்ற விசாரணையை முடித்தார்கள். செவ்ரோலே போல்ட் என்ற மின்காரில் பேட்டரி தீப்பிடித்தபோது, 2021-இல் அதுவரை விற்ற அத்தனை போல்ட்டையும், சுமார் 1,42,000 வண்டியை, அழைத்தார்கள். மற்ற வண்டிகளிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்துங்கள் என்று உரிமையாளர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்கள். அதற்கு வசவு வாங்கினார்கள், ஆனாலும் சொன்னார்கள். 2025 ஏப்ரலில் 6.2 லிட்டர் வி-8 போட்ட பெரிய வண்டிகளில் சுமார் ஆறு லட்சம் திரும்பவும் ரீகால். கிராங்க்ஷாஃப்ட், கனெக்டிங் ராடு கோளாறு. திருந்திவிட்டார்கள் என்று கையெழுத்துப் போட என்னால் முடியாது.

#15 செந்தூரன்

எல்லோருக்கும் நன்றி. தாமரை அக்கா, உங்கள் கடைசிப் பதிவைப் பையனுக்கும் அனுப்பினேன். அவன் இயந்திரப் பொறியியல்தான் படிக்கிறான்.

நேற்று அவனும் நானும் வீடியோவில் பேசிக்கொண்டே கராஜில் போய் எண்ணை எழுதி எடுத்தோம். போட்டுப் பார்த்தால் ஸ்டீயரிங் ரீகால் முடிந்திருக்கிறது. ஸ்விட்ச் முடியவில்லை. அந்த அம்மா அலமாரியைத் திறந்து தேடியபோது, 2014-இல் வந்த கடிதம் பிரிக்காத உறையோடு கிடைத்தது. கணவர் அப்போது மருத்துவமனையில் இருந்தாராம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, இத்தனை வருடம் அவர் கடைக்கும் மாதா கோவிலுக்கும் இதில்தானே போய் வந்தார் என்று மட்டும் சொன்னார்.

டீலரிடம் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியாயிற்று. பையன் ஓட்டிக்கொண்டு போகவில்லை, இழுவை வண்டிக்குச் சொல்லியிருக்கிறோம். சாவி வளையத்தில் அந்தப் பெரியவரின் வீட்டுச்சாவி, ஒரு சின்ன டார்ச், பித்தளை மீன் பொம்மை ஒன்று, எல்லாம் தொங்கின. அவற்றையெல்லாம் கழற்றி அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கார்ச் சாவியை மட்டும் தனியாக ஒரு நூலில் கட்டி வைத்திருக்கிறான். கராஜ் அண்ணா, ஆயில் மூடியையும் திறந்து பார்த்தோம். சுத்தமாக இருக்கிறது. டீலர் வேலை முடிந்ததும் என்ன பாகம் போட்டார்கள் என்று சீட்டைப் படமெடுத்து இங்கே போடுகிறேன்.